13 சீட் வேனில் 18 அடி கேரவன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வேளாங்கண்ணி போகலாமா?

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு 13 சீட் டீசல் வேன் இருக்கிறது. வருஷா வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அதில்தான் போவோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் அங்கே ரூம் கிடைக்கிற பாடு போனவர்களுக்குத் தெரியும். போன வருஷம் பதினோரு பேர் போனோம், முழங்கால் வலியோடு மாமி, கைப்பிள்ளையோடு மைனி, எல்லோரும் இரண்டு ராத்திரி வேனுக்குள்ளேயே உட்கார்ந்த வாக்கில் தூங்கினோம். திரும்பி வரும்போது பாட்டாவுக்குக் கால் இரண்டும் பலாக்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது.

இப்போது ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நிற்கிற பழைய கேரவன் டிரெய்லர் விலைக்கு வருகிறது. 18 அடி நீளம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆக்சில், உள்ளே நாலு கட்டில், சின்ன அடுக்களை, கக்கூஸ், 200 லிட்டர் தண்ணீர் டேங்க். பார்க்க நன்றாகவே இருக்கிறது. எடை எவ்வளவு என்று கேட்டால் விற்கிறவர் "1,500 கிலோதான், உங்கள் வேன் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும்" என்கிறார். எடை எழுதிய தகடு துருப்பிடித்துப்போய் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

வேன் இதை இழுக்குமா? பின்னால் ஹிட்ச் (டிரெய்லரைக் கோக்கிற இணைப்பு) எங்கே மாட்டுவது, வெல்டிங் பட்டறையில் செய்தால் போதுமா? பிள்ளைகள் டிரெய்லருக்குள் படுத்துக்கொண்டே வருவோம் என்று இப்போதே அடம்பிடிக்கிறார்கள், அது சரியா? யாராவது நிஜமாகவே இழுத்து ஓட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தக்கலை டர்போ:

தாராளமாக இழுக்கும் மக்கா. டீசல் இன்ஜினுக்கு டார்க் கிடக்கிறது. எங்கள் மாமா இரண்டாயிரம் செங்கல் ஏற்றின டிரெய்லரை டிராக்டரில் சும்மா இழுப்பார். சேஸிஸில் ஒரு ஹூக் வெல்டு அடி, வேலை முடிந்தது. பயந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

மெக்கானிக் அண்ணாச்சி (ரிட்டயர்டு), வெட்டூர்ணிமடம்:

டர்போ தம்பி, உன் மாமாவின் டிராக்டர் இருபதில் போகும். இவர் நாங்குநேரி நாலுவழிச் சாலையில் எழுபது எண்பதில் போவார், உள்ளே பதினோரு உயிர் இருக்கும். இரண்டும் ஒரே பேச்சு இல்லை.

குழித்துறைத் தம்பி, இழுக்குமா என்று கேட்டால் இழுக்கும். என் அனுபவத்தில் வேன் இழுக்க முடியாமல் நின்று எனக்கு வேலை வந்தது குறைவு, நிற்க முடியாமல் போய் வந்ததுதான் அதிகம். நீ பார்க்க வேண்டியது பின்னாக்சிலின் பாரம், பிரேக், டிரெய்லர் நேராக வருகிறதா என்கிற மூன்றும்தான்.

மாட்டுவண்டியில் தேங்காய் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறாயா? பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் கூடினால் கழுத்து புண்ணாகும். டிரெய்லருக்கும் இதே நியாயம்தான். கப்ளர், அதாவது டிரெய்லரின் முன்நுனிப் பூட்டு, வந்து வேனின் பின்னால் ஹிட்சில் இருக்கிற பாலில் (இரும்பு உருண்டை) உட்காரும்போது டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அந்த இடத்தில் அமுக்க வேண்டும், பெரிய கேரவனுக்கு அதுதான் கணக்கு. 1,800 கிலோ டிரெய்லர் என்றால் 180 முதல் 270 கிலோ. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதிகமானால் உன் வேன் குந்திக்கொண்டு மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கும்.

அப்புறம் இந்த மாதிரி வேனில் ஒரு தனிக் கோளாறு உண்டு. பின்சக்கரத்துக்குப் பின்னால் பாடி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும், கடைசி சீட்டே ஆக்சிலுக்குப் பின்னால்தான். டேப் வைத்து அளந்து பார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் 335 சென்டிமீட்டர் இருந்து, பின்னாக்சிலிலிருந்து பால் 140 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள். பாலில் 220 கிலோ வைத்தால் பின்னாக்சிலில் 220 ஏறாது, 312 கிலோ ஏறும். அந்தக் கூடுதல் 92 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திலிருந்து. கடப்பாரையால் கல்லை நெம்புகிற வேலைதான் இது, ஆக்சில்தான் அடிக்கல். முன்சக்கரத்தில் 92 கிலோ குறைந்த வண்டியை மழை ஈரத்தில் பிரேக் அடித்துத் திருப்பிப் பார்த்தால் தெரியும், ஸ்டியரிங் கையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். போதாததற்கு, டிரெய்லர் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் அந்த நீண்ட வால் அதற்குக் கைப்பிடி மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஆர்.சி.யை எடு. அன்லேடன் வெயிட் (காலி வண்டி எடை), லேடன் வெயிட் (ஆளும் பாரமும் சேர்ந்த உச்ச எடை) இரண்டும் இருக்கும். லேடன் வெயிட்டைத்தான் நீ தாண்டக்கூடாது, பாலில் உட்காருகிற பாரமும் அதில் சேர்த்தி. ஆள், பெட்டி, மேலே கேரியரில் கட்டுகிற பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றி எடை மேடையில் ஏறு. மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு டிரெய்லர் பேச்சைப் பேசு. வேன் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்றும் தேடு. போடவில்லை என்றால் கம்பெனி அதை யோசித்துச் செய்யவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். முன்னால் இருக்கிற டோ ஹூக், வழியில் நின்றுபோன வண்டியை இழுத்துப்போக வைத்தது, அதைப் பார்த்து ஏமாறாதே.

பிள்ளைகளை டிரெய்லருக்குள் ஏற்றுவது கூடவே கூடாது. அது கழன்றாலும் கவிழ்ந்தாலும் உனக்கு முதலில் தெரியவே தெரியாது.

சின்னமுட்டம் வள்ளக்காரன்:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் ஃபைபர் வள்ளத்தை டிரெய்லரில் வைத்து பிக்கப்பில் இழுக்கிறவன். ரிப்பேருக்குக் குளச்சல், சில சமயம் உவரி வரைக்கும் போவேன். என் டிரெய்லர் வள்ளத்தோடு சேர்த்து ஒரு டன்னுக்குள்தான், அதுவே என்னைப் படுத்திய பாடு சொல்கிறேன்.

முதலில் காற்று. தம்பி, குழித்துறையிலிருந்து வேளாங்கண்ணி போக வேண்டுமென்றால் நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகத்தான் போவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாடியை வேறு எதற்கு நட்டு வைத்திருக்கிறார்கள்? ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மேற்கேயிருந்து காற்று அந்தச் சந்து வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். ஆகஸ்ட் கடைசி என்பது ஆவணி, காற்று அடங்கியிருக்காது. மலை மறைவில் வரும்போது ஒன்றும் தெரியாது, மறைவு விட்டதும் யாரோ தோளில் கைவைத்துத் தள்ளின மாதிரி இருக்கும். என் வள்ளம் தாழ்வானது, அதுவே ஒரு முழம் நகரும். நீ கொண்டுபோவது 18 அடி நீளம், எட்டடி உயரத்தில் ஒரு தகரச் சுவர். அது டிரெய்லர் இல்லை மக்கா, விரித்த பாய். பாயை வேண்டாத நேரத்தில் சுருட்டலாம், இதைச் சுருட்ட முடியாது.

இரண்டாவது பால். லேத்தில் கடைந்து வாங்கினேன், பார்த்தால் கப்ளருக்குப் பொருந்தின மாதிரிதான் இருந்தது. கப்ளர் 50 மில்லிமீட்டர், பால் 47 இருந்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ராஜாக்கமங்கலம் பக்கம் ராத்திரி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினபோது 'டங்' என்று ஒரு சத்தம், கண்ணாடியில் பார்த்தால் வள்ளம் எனக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து தனியாக வருகிறது. சங்கிலி இரண்டையும் கப்ளருக்கு அடியில் கத்தரி மாதிரி குறுக்காகப் போட்டிருந்தேன், அதனால் முன்கம்பி ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழுந்து அப்படியே வந்தது. நேராகப் போட்டிருந்தால் வள்ளமும் போயிருக்கும், எதிரே வந்த டூவீலர்காரரும் போயிருப்பார். இன்றைக்கும் வேகத்தடை வந்தால் நான் கண்ணாடியைத்தான் பார்ப்பேன்.

கப்ளரைப் பூட்டின பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றி மேலே தூக்கிப் பாருங்கள். வேனின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளர் மட்டும் மேலே வந்தால் பூட்டு பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு நிமிஷ வேலை.

ரிவர்ஸ் எடுக்க ஒரு சூத்திரம்: ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடி. டிரெய்லரின் பின்பக்கம் இடது போக வேண்டுமா, கையை இடது பக்கம் நகர்த்து. வலது என்றால் வலது. மேலே பிடித்தால் எல்லாம் தலைகீழ், மண்டை குழம்பும். திருப்பத்தில் டிரெய்லர் உன் வேன் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். உங்கள் ஊர்ச் சந்துகளில் மூலை மதிலையும் அதில் சாய்ந்து நிற்கிற சைக்கிளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரும்.

கருங்கல் டு ஹூஸ்டன்:

கருங்கல்தான் சொந்த ஊர், பதினாறு வருஷமாக டெக்ஸாஸில் இருக்கிறேன். இங்கே நான் 12 சீட் ஷெவ்ரலே எக்ஸ்பிரஸ் 3500 வேனில் 24 அடி டிரெய்லர் இழுக்கிறேன், அதனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

இந்த ஊரில் வேன் என்றால் வேறு ஜாதி. என்னுடையது வி8 இன்ஜின், பின்னால் ஹிட்ச் ரிசீவர் நேராக ஃபிரேமில் போல்ட் போட்டது, டிரெய்லர் விளக்குக்கும் பிரேக்குக்கும் ஏழு பின் சாக்கெட். ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரம் செய்வார்கள், அதாவது நாலு டன்னுக்கு மேல். ஆனால் அந்தக் கணக்கு ஓட்டுகிறவரும் கூட ஒருவரும் மட்டும் வண்டிக்குள் இருந்தால் வருகிற கணக்கு. ஏற்றுகிற ஒவ்வொரு ஆளுக்கும் அந்த எண் கீழே இறங்கும். டிரைவர் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆளும் சாமானும் சேர்ந்து இதற்கு மேல் போகக்கூடாது என்று. விளம்பரத்தில் வருகிற இழுவை எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், இந்த ஸ்டிக்கரை ஒருவரும் பார்ப்பதில்லை. டிரெய்லரின் முன்பாரமும் இந்த ஸ்டிக்கர் கணக்கில்தான் கழியும். எனக்கும் முதல் வருஷம் அது தெரியாது.

இங்கே சாலைப் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அமைப்பு, என்.ஹெச்.டி.எஸ்.ஏ., 2001-லேயே 15 சீட் வேன்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பத்து பேரோ அதற்கு மேலோ ஏறினால், ஒற்றை வண்டி விபத்துகளில் கவிழ்கிற விகிதம் ஆள் குறைவாக இருக்கும்போது இருப்பதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று. காரணம் அண்ணாச்சி சொன்னதேதான், ஆள் ஏற ஏற பாரம் மேலேயும் பின்னாலேயும் போய்விடுகிறது. இது டிரெய்லர் இல்லாமலே.

வாலாட்டம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சான் அன்டோனியோ போகிற ஐ-10 நெடுஞ்சாலை, பக்கத்தில் பெரிய டிரக் ஒன்று வேகமாகத் தாண்டிப்போனது. முதலில் அது என் டிரெய்லரைத் தள்ளியது, தாண்டி முடிக்கும்போது தன் பக்கம் உறிஞ்சியது. கண்ணாடியில் டிரெய்லரின் ஒரு பக்கச் சுவர் தெரிந்தது, மறைந்தது, அடுத்த கண்ணாடியில் மறுபக்கச் சுவர் தெரிந்தது. பின் சீட்டில் என் மகளின் தண்ணீர் பாட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கால் தானாக பிரேக்குக்குப் போகும், போக விடக்கூடாது. ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யவும் கூடாது, அது ஆட்டத்துக்குத் தாளம் போடுகிற வேலை. ஆக்சிலேட்டரிலிருந்து பைய காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற பிரேக் கன்ட்ரோலரின் லீவரைக் கையால் அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தேன். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததும் கயிறு விறைத்த மாதிரி நேரானது. அந்த லீவர் இல்லாமல் நான் இன்று இழுக்க மாட்டேன். தம்பி, உன் டிரெய்லரில் ஓடும்போது பிடிக்கிற பிரேக் இருக்கிறதா? இங்கே பெரும்பாலான மாநிலங்களில் 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று ஒன்று உண்டு, இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் முன்பாரத்தில் ஒரு பங்கை வேனின் முன்சக்கரத்துக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும். அண்ணாச்சி சொன்ன அந்த 92 கிலோவில் பெரும்பகுதியை முன்னால் திருப்பிக் கொடுக்கும். ஆனால் வேனின் மொத்த எடை வரம்பை அது ஒரு கிலோகூடக் கூட்டாது. அதை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே.

பாலிசிக்காரன், வடசேரி:

எல்லோரும் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் காகிதத்தைப் பற்றிக் கேட்கிறேன். அந்த டிரெய்லருக்கு ஆர்.சி இருக்கிறதா? ரிசார்ட்டில் அறையாக நின்றது என்றால் பதிவே செய்திருக்க மாட்டார்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி நம்பர், தனித் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் வேண்டும். வேனின் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போய், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் க்ளெய்ம் பேச உட்காரும்போது அழ வேண்டியிருக்கும். லைசென்ஸ் விஷயத்தில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, எல்.எம்.வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு, பயணி வண்டிகளையும் ஓட்டலாம் என்று. அதைக் காட்டி டிரெய்லருக்கும் இது போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீசில் டிரெய்லரோடு சேர்த்து எழுத்தில் கேள்.

பார்வதிபுரம் பீட்டர்:

இவ்வளவு பாடு எதற்கு? ஜூன் மாசமே ரூம் போட்டு வை.

குழித்துறைக்காரன்:

ரூமுக்கு மே மாசமே போன் பண்ணினேன் அண்ணே, நிரம்பிவிட்டது என்றார்கள்.

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் அண்ணாச்சி சொன்னபடி எல்லாம் பார்த்தேன். ரிசார்ட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் எம்-சாண்ட் லாரிகளுக்கான எடை மேடை இருக்கிறது, விற்கிறவரின் டிராக்டரிலேயே பைய இழுத்துக்கொண்டு போனோம். மேடைக்காரர் கேரவனைப் பார்த்துவிட்டு "இதில் என்ன சரக்கு?" என்று கேட்டார், "கக்கூஸ்" என்றேன்.

டிரெய்லரைத் தனியாகக் கழற்றி மேடையில் நிறுத்தினோம்: 1,960 கிலோ. 1,500 என்றவர் அப்போது போன் பேசப் போய்விட்டார். இது தண்ணீர் டேங்க் காலியாக, சிலிண்டர் இரண்டும் முன்னால் ஏற்றிய நிலையில். பிறகு முன் ஜாக்கிச் சக்கரத்தை மட்டும் மேடைக்கு வெளியே இறக்கி டிரெய்லர் சக்கரங்களை மேடையில் வைத்தோம்: 1,810. அப்படியானால் முன்பாரம் 150 கிலோ, சரிதானே?

டயரைக் கருங்கல் அண்ணனும் அண்ணாச்சியும் கேட்கவில்லை, நானாகத்தான் பார்த்தேன். பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது, பக்கவாட்டில் நான்கு எண் 2214 என்று இருக்கிறது. 2014-ஆம் வருஷம் இருபத்திரண்டாவது வாரம் தயாரானது என்று அர்த்தமாம். நகத்தால் கீறினால் வெடிப்பு வாய் திறக்கிறது. நின்ற இடத்திலேயே நின்று கிழடு ஆகியிருக்கிறது.

பிரேக் இருக்கிறது. கப்ளருக்குப் பின்னால் ரப்பர் பெல்லோஸ், உள்ளே ஒரு தண்டு. வேன் பிரேக் பிடித்ததும் டிரெய்லர் முன்னே முட்டி, அந்தத் தண்டு உள்ளே போய், கேபிளை இழுத்துப் பிரேக் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக். ஆனால் ரப்பர் கிழிந்து, கடற்காற்றில் தண்டு துருவேறி இறுகிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் ஒரு விரல்கடை நகரவில்லை.

வேனை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் எல்லோரையும் ஏற்றி எடை பார்த்தேன். மாமி முதலில் ஏறவே மாட்டேன் என்று சண்டை, என் எடையை எல்லோருக்கும் சொல்லப்போகிறாயா என்று. பெட்டி, அரிசி மூட்டை, கேரியரில் அடுப்பு எல்லாம் சேர்த்து 3,380. ஆர்.சி.யில் லேடன் வெயிட் 3,600. மிச்சம் 220. வேன் புத்தகத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்று ஒரு வரியும் இல்லை.

220 மிச்சம், முன்பாரம் 150. அப்படியானால் இடம் இருக்கிறது இல்லையா அண்ணாச்சி? ஆசை விடவில்லை, அதுதான் கேட்கிறேன்.

மெக்கானிக் அண்ணாச்சி (ரிட்டயர்டு), வெட்டூர்ணிமடம்:

நன்றாக அளந்திருக்கிறாய், கொள்ளாம். ஆனால் கணக்கை உனக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திவிட்டாய்.

1,960-க்கு 150 என்பது நூற்றுக்கு ஏழரை சொச்சம்தான், பத்துகூட இல்லை. காலியாக நிற்கும்போதே பின்பாரம் பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது? கக்கூஸுக்குப் பக்கத்தில், பின்னால்தானே? இரண்டு ஆக்சிலுக்கு நடுவிலிருந்து அது 160 சென்டிமீட்டர் பின்னால், கப்ளர் 420 சென்டிமீட்டர் முன்னால் என்று வை. டேங்கை நிரப்பினால் 200 கிலோ. அது முன்பாரத்திலிருந்து 76 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 74 கிலோ, டிரெய்லர் 2,160. நூற்றுக்கு மூன்றரை பங்குகூட இல்லை. அந்த நிலையில் நீ முப்பந்தலுக்குள் போவாய்.

இதைச் சரிசெய்ய அரிசி மூட்டையையும் பெட்டியையும் டிரெய்லரின் முன்பக்கம் வைத்து முன்பாரத்தை ஏற்றலாம். டிரெய்லர் 2,300 ஆகும், பத்து பங்கு என்றாலும் 230 வேண்டும், பன்னிரண்டு என்றால் 276. வேனில் பெட்டி குறைந்ததால் கொஞ்சம் இடம் கூடும், லேடன் வெயிட் வரம்புக்குள் அடங்கிவிடுவாய். ஆனால் நெம்புகோல் கணக்கு மாறாது, 230 வைத்தால் பின்னாக்சிலில் 326 ஏறும், கடைசி சீட்டில் மூன்று பேர் வேறு. பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் என்றால் டயர் பக்கவாட்டில் லோடு இண்டெக்ஸை (டயர் தாங்கும் எடைக்கான எண்) பார்த்துவிட்டுப் பேசு.

வேனும் டிரெய்லரும் சேர்ந்து ஐந்தரை டன்னுக்கு மேல். நிறுத்த வேண்டியது உன் வேனின் நாலு பிரேக் மட்டும், ஏனென்றால் டிரெய்லர் பிரேக் செத்துக் கிடக்கிறது. பிரேக்கைப் புதுப்பித்து, நாலு டயர் மாற்றி, ஃபிரேமில் ஹிட்ச் கட்டி, பதிவுக்கு அலைந்தால்கூட நான் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு இதை இழுக்கச் சொல்ல மாட்டேன். நாலு பேரோடு நீ போனால் ஒருவேளை. உன் வீட்டில் நாலு பேர் மட்டும் எங்கேயாவது போனதுண்டா?

தக்கலை டர்போ:

அண்ணாச்சி சொன்னது சரிதான். அந்த 76 கிலோ கணக்கு எனக்குத் தெரியாது. மாமா டிராக்டரிலும் செங்கலை எப்போதும் முன்பக்கம்தான் முதலில் அடுக்கச் சொல்வார், ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

கருங்கல் டு ஹூஸ்டன்:

இடையில் ஒன்று. எடை மேடைக்குப் போக முடியாதவர்கள் வீட்டிலேயே முன்பாரம் பார்க்க வழி இருக்கிறது. குளியலறை எடைக்கருவி 150 கிலோவுக்கு மேல் தாங்காது, அதனால் மூன்றடிப் பலகை ஒன்றை எடுத்து ஒரு நுனியைச் செங்கல் மேல் வைத்த குழாயிலும் மறுநுனியை எடைக்கருவியிலும் வைத்து, குழாயிலிருந்து ஓரடியில் கப்ளரை இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். பலகை தேக்காக இருக்கட்டும், நான் முதலில் பிளைவுட் வைத்து உடைத்துக்கொண்டேன்.

தம்பி, கேரளத்தில் 2021-ல் அரசு கேரவன் சுற்றுலா என்று தொடங்கியதே, அங்கே ஓடுவது பெரும்பாலும் சேஸிஸ் மேலேயே வீடு கட்டின வண்டிகள், இழுவை இல்லை. களியக்காவிளை தாண்டினால் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துப் பார்.

குழித்துறைக்காரன்:

விசாரித்தேன் அண்ணே, பதினோரு பேருக்கு இரண்டு வண்டி வேண்டும் என்றார்கள். அந்த வாடகைக்கு வேளாங்கண்ணியில் வீடே வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார்.

டிரெய்லர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆர்.சி கேட்டபோது விற்கிறவர் "அது வண்டி இல்லை தம்பி, ரூம்" என்றார், பாலிசிக்கார அண்ணன் சொன்னது அப்படியே. இந்த வருஷம் பாட்டாவையும் மாமியையும் மைனியையும் ரயிலில் முன்னாலேயே அனுப்பி, நாகப்பட்டினத்தில் மைனியின் சித்தி வீட்டில் தங்கவைப்பதாக முடிவு. மீதி எட்டு பேர் வேனில். மாமிதான் இப்போது மாறிவிட்டார், மணலில் பாய் விரித்துப் படுத்தால்தான் நேர்ச்சை நேர்ச்சையாக இருக்கும் என்கிறார்.

சின்னமுட்டம் வள்ளக்காரன்:

அந்த டிரெய்லர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறதா? கரையில் வலைக்குக் காவல் இருக்கிற பையனுக்கு மழையில் படுக்க இடம் இல்லை. ஒரே இடத்தில்தான் நிற்கும், இழுக்கிற பேச்சே கிடையாது. கடைசி விலை என்ன சொன்னார் என்று தனிச் செய்தியில் போடு மக்கா. டயர் கணக்கையும் எடை சீட்டையும் அனுப்பு, விலை பேசும்போது காட்ட வேண்டும்.